பால் மாதிரியைக் கண்டிக்கு அனுப்புவதா, சங்கத்து மேசையிலேயே பார்ப்பதா?

எங்கள் பால் சங்கத்தில் 38 பேர். இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் இரண்டு தோட்டத்து லயன்களும் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) ஒரு சின்னக் கொலனியும் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு, மிஞ்சினால் மூன்று. விடிகாலை தோட்ட வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே கறந்து, கேனைத் தோளிலோ ஆட்டோவிலோ கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். எல்லாம் சேர்ந்து காலையில் ஏறக்குறைய 200 லீற்றர் குளிர்த்தொட்டிக்குள் போகும், பிறகு பால் ஏற்றும் பவுசர் லொறி வந்து எடுத்துக்கொண்டு போகும்.

போன வருடம் ஆடி மழையில் ஒரு நாள், அந்தத் தொட்டிப் பால் முழுவதையும் வாங்குகிற நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. போனில் ஒரே வார்த்தை: பக்டீரியா கூடுதல். எத்தனை, எந்த மணிக்கு எடுத்த மாதிரி, எப்படிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் கடதாசிகூட வரவில்லை. அன்றைக்கு ஊற்றிய யாருக்கும் காசு கிடையாது. சாயந்தரம் கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: “தம்பி, நம்ம பாலு கெட்டுப்போச்சுன்னு அவங்களுக்குத் தெரியுது. கறக்குற நமக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒரு வருடமாக அலைகிறோம். கூட்டத்தில் மூன்று வழி பேசினார்கள். ஒன்று, இப்போது இருக்கிற மாதிரியே விட்டுவிடுவது, அதாவது வாங்குகிறவர் பார்க்கட்டும், சொல்வதைக் கேட்போம். இரண்டாவது, சங்கத்திலேயே ஒரு மேசை போட்டு நாமே சோதிப்பது. மூன்றாவது, ஒவ்வொருவருடைய பாலிலும் மாதிரி எடுத்துக் கண்டிப் பக்கம் ஒரு மத்திய ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அவர்கள் தருகிற எண்ணை வைத்து முடிவெடுப்பது. இதே யோசனையில் இருக்கிற மற்றச் சங்கங்களுக்கும் உதவும் என்றுதான் நாங்கள் பார்த்ததையும் படித்ததையும் எழுதுகிறேன்.

முதலாவது வழியை நான் இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடுவேன். வாங்குகிறவருடைய ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்ப்பது தொட்டிப் பால், பவுசர் பால். 38 பேருடைய பாலும் கலந்த பிறகு எடுக்கிற மாதிரி யாருடைய மாட்டையும் யாருடைய கேனையும் காட்டாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லீற்றரில் 190 லீற்றர் நல்ல பால், ஒரு மில்லிலீற்றருக்கு 50,000 பக்டீரியா என்று வையுங்கள். ஒரே ஒருவர் கொண்டுவந்த 10 லீற்றரில் மட்டும் 50 இலட்சம். கலந்தால் தொட்டி முழுக்க ஏறக்குறைய 297,500 வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைப் பாலுக்கு வைத்திருக்கிற எல்லை ஒரு மில்லிலீற்றருக்கு 100,000. அந்த எல்லையால் பார்த்தால், ஒரு கேனால் 37 பேருடைய பால் தோற்றுப்போகிறது, அந்த ஒருவருக்கோ தன் கேன்தான் காரணம் என்று கடைசிவரை தெரியாது. இங்கே கொழுப்புக்கும் கொழுப்பல்லாத திண்மத்துக்கும் பார்த்து விலை போடுகிறார்கள், அது ஆளுக்கு ஆள் தெரிகிறது. சுத்தத்துக்கு மட்டும் ஊருக்கே சேர்த்து ஒரு தண்டனை. அப்புறம், விற்கிற பொருளைத் தராசில் வைப்பவர் வாங்குகிறவராகவே இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மனதுக்குள் ஒரு உறுத்தல் நிற்கத்தான் செய்யும்.

சரி, மேசை.

எந்தப் பால் நிலையத்திலும் இருப்பது லக்டோமீற்றரும் அற்ககோல் சோதனையும். லக்டோமீற்றர் தண்ணீர் கலந்ததைக் காட்டும், சுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அற்ககோல் சோதனையில் 68 வீத அற்ககோலும் பாலும் சம அளவு விட்டு ஒரு குலுக்குக் குலுக்கிச் சரித்துப் பார்ப்பார்கள். கண்ணாடியில் வெள்ளைத் துகள் ஒட்டினால் பாலைத் திருப்பிவிடுவார்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை, வாசலில் நிற்கிற கேனை உள்ளே விடுவதா வேண்டாமா என்று சொல்ல இதைவிட நல்லது கிடையாது. ஆனால் இது பிடிப்பது ஏற்கெனவே புளிக்கத் தொடங்கிய பாலையும், சீம்பாலையும், மடிநோய் முற்றிய பாலையும்தான். பக்டீரியா ஏராளமாகப் பெருகி அமிலம் ஏறிய பிறகுதான் அற்ககோலுக்குத் தெரியவரும். எங்கள் தொட்டி திரும்பிய அன்றைக்கு 38 கேனும் அற்ககோலில் தேறியவைதான். அன்று மேசையில் நின்றவன் நான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

அதனால் மெதிலீன் நீலத்துக்குப் போனோம். பழைய சோதனை. 10 மில்லிலீற்றர் பாலில் 1 மில்லிலீற்றர் சாயக் கரைசலை விட்டு, சோதனைக் குழாயை மூடி, 37 பாகை வெந்நீரில் நிற்க வைப்பது. பக்டீரியா வளர வளர பாலில் கரைந்திருக்கிற ஒட்சிசனைத் தின்றுவிடும், நீலம் வெளுக்கும். சீக்கிரம் வெளுத்தால் கூட்டம் அதிகம். இந்தியாவில் பயன்படுத்தும் அட்டவணைப்படி 5 மணி நேரமும் அதற்கு மேலும் நின்றால் மிக நல்லது, 3 முதல் 4 மணி நல்லது, 1 முதல் 2 மணி சுமார், அரை மணிக்குள் வெளுத்தால் மோசம். ரெசசூரின் என்று இன்னொரு சாயம் இருக்கிறது, பத்து நிமிடத்தில் நீலத்திலிருந்து ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் போவதை நிறத்தட்டோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது. அவசரமாக முடிவு வேண்டிய இடத்துக்கு அது. எங்களிடம் நிறத்தட்டு இல்லை, அதனால் மெதிலீன் நீலமே போதும் என்று விட்டோம்.

முதல் நாள் பத்துக் குழாயை ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் கம்பி வலை வைத்து நிறுத்தினோம். வெப்பமானி 37ஐ விட்டு இறங்கினால் கொஞ்சம் வெந்நீர், ஏறினால் கொஞ்சம் பச்சைத்தண்ணீர். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது குழாயில் வானத்து நீலம் அப்படியே இருக்க, 17ஆம் இலக்கத்துக்குரிய குழாய் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. மேலே, காற்றுப் படுகிற இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய நீல வளையம். கடிகாரத்தைப் பார்த்தால் நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.

17ஆம் இலக்கம் எங்கள் சங்கத்திலேயே சுத்தமான ஆள் என்று பெயர் எடுத்த ஓர் அண்ணன். மாட்டுக்கொட்டகைத் தரையில் சாணம் நிற்காது, மடியை வெந்நீரில் துடைத்துத்தான் கறப்பார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என் பாலயா சொல்றீங்க?” என்று கேட்டார், நியாயம்தான். அவரோடு வீட்டுக்குப் போய் மாட்டைப் பார்த்தோம், கறக்கும் வாளியைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. கேன் மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தை அவர் மகள் விரல் நகத்தால் நெம்பித் தூக்கினாள். அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு மஞ்சள் பசை சுற்றிவர ஒட்டியிருந்தது, முகர்ந்தால் புளித்த நாற்றம். கேனைத் தினம் கழுவியவர்கள் வளையத்தைக் கழற்றியதில்லை. சலவைச் சோடா போட்ட கொதிநீரில் ஊறவைத்துத் தேய்த்து, வளையத்தைப் புதிதாக மாற்றியதும் அடுத்த கிழமை அவருடைய குழாய் 4 மணி நேரத்துக்கு மேல் நின்றது. அற்ககோலும் பவுசர் மாதிரியும் எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த வளையத்தைக் கண்டுபிடித்திருக்காது.

ஆனால் மேசையின் குறையையும் சொல்ல வேண்டும். நேரம் பார்ப்பது ஒரு மனிதன். சட்டித் தண்ணீர் 35க்கு இறங்கினாலே முடிவு நீண்டுவிடும். மடிநோய் வந்த பாலில் இருக்கிற வெள்ளணுக்களும் சாயத்தை வெளுக்க வைக்கும், அதைப் பக்டீரியா என்று நினைத்து ஒருவரைத் திட்டிவிடக்கூடும். எல்லாவற்றையும் விடப் பெரியது, நாங்கள் ஒரே லயத்தில் வாழ்கிறவர்கள். மேசையில் நிற்கிறவர் யாருக்கோ மச்சான், யாருக்கோ பகையாளி. காசைக் குறைக்கிற முடிவை அந்த மேசையிலிருந்து எடுத்தால் சங்கம் ஒரு வருடம் தாங்காது. இது என் உறுதியான எண்ணம்.

இப்போது மத்திய ஆய்வுகூடம். வெளிநாடுகளில் இது பழகிப்போன ஏற்பாடு. நெதர்லாந்தில் கிளிப் (Qlip) என்ற நிறுவனம் நாட்டுப் பண்ணைகளின் பாலைச் சோதிக்கிறது. அது பாலை வாங்குகிற நிறுவனமும் இல்லை, விற்கிற பண்ணையும் இல்லை. பால் எடுக்க வருகிற லொறியிலேயே மாதிரி எடுத்து, பட்டைக் குறி ஒட்டிய சிறிய போத்தலில் குளிரோடு அனுப்பிவிடுவார்கள். அங்கே பெரிய இயந்திரங்கள். பக்டீரியாவின் மரபணுப் பொருளில் ஒளிரும் சாயம் ஏற்றி, லேசர் ஒளிக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணுகிற பக்டோஸ்கான் போன்ற கருவியில் ஒரு மணி நேரத்துக்கு நூறு, இருநூறு மாதிரிகூடப் போகும். பழைய முறை தட்டு எண்ணிக்கை: பாலைப் பல மடங்கு ஐதாக்கி, ஊட்டக்கூழ் உள்ள தட்டில் இட்டு, 30 பாகையில் 72 மணி நேரம் வைத்து, முளைத்த கூட்டங்களை எண்ணுவது. எங்களைப் போன்றவர்கள் அனுப்பினால் நடப்பது பெரும்பாலும் இதுதான். மெதுவானது, ஆனால் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட முறை.

மத்திய மலைநாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம். எல்லாம் ஒரு சுற்றுவட்டாரத்துக்குள். உங்கள் பகுதி மிருக வைத்தியர் மூலமாக எழுதிக் கேட்டு, எந்தச் சோதனையை யார் செய்து தருவார்கள், எவ்வளவு எடுப்பார்கள் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் அனுப்பிப் பார்த்த ஆய்வுகூடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் சொல்லப்போவது எங்கள் தவறு.

முதல் தடவை பன்னிரண்டு மாதிரி எடுத்தோம். ரெஜிபோம் பெட்டி, கடையில் வாங்கிய ஐஸ், கொதிநீரில் அவித்த போத்தல்கள். காலை ஆறரைக்குப் பொகவந்தலாவையில் பஸ் ஏறி ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. கினிகத்தேனை வளைவில் மண் சரிந்து ஒரு மணி நேரம் நின்றோம். போய்ச் சேர்ந்தபோது மதியம். அங்கிருந்த மிஸ் பெட்டியைத் திறந்ததும் மாதிரிகளைத் தொடவில்லை, “வெப்பநிலை பார்க்க ஒரு போத்தல் தனியாக வைத்தீர்களா?” என்றுதான் கேட்டார். வைக்கவில்லை. ஒரு மாதிரியைத் திறந்து வெப்பமானியை விட்டார், 14 பாகை. ஐஸ் உருகித் தண்ணீர் போத்தல் கழுத்துவரை ஏறியிருந்தது, இரண்டு லேபல் கழன்று மிதந்தது. அவர் எதையும் எடுக்கவில்லை. “இதை எண்ணினால் வருவது உங்கள் பாலின் கணக்கு இல்லை, உங்கள் பஸ்ஸின் கணக்கு” என்றார். அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த அந்த ஒரு இடத்தைத்தான் நான் நம்புகிறேன்.

பச்சைப் பால் மாதிரியை 0 முதல் 4 பாகைக்குள் வைத்து, ஒரு நாளுக்குள் தட்டில் இட்டுவிட வேண்டும். சூட்டில் பக்டீரியா அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது என்று வைத்தால், 10,000 இருந்தது நான்கு மணி நேரத்தில் 25 இலட்சத்தைத் தாண்டும். கறந்த பாலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் தானாகவே கொஞ்சம் தடுப்புச் சக்தி இருக்கிறது என்றாலும், நடுவழியில் ஐஸ் உருகினால் அதை நம்பி உட்கார முடியாது. வெளிநாடுகளில் அசிடியோல் போன்ற நிறுத்திவைக்கும் மருந்தைப் போட்டு அனுப்புகிறார்கள். அது லேசர் எண்ணும் இயந்திரத்துக்குச் சரி, தட்டில் வளர்த்து எண்ணுகிற முறைக்குச் சரிவராது, மருந்து போட்ட பாலில் எதுவும் முளைக்காது. மருந்தும் நச்சுத்தன்மை உள்ளது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வைத்துக் கையாளுகிற பொருள் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. பாலில் நாம் பார்க்க விரும்புவதில் சில பாதையில் மாறும், சில மாறாது. பக்டீரியா எண்ணிக்கை பாதையில் மாறும். மடியிலிருந்து வருகிற உடற்கலங்களின் எண்ணிக்கை, அதாவது மடிநோயைக் காட்டுகிற வெள்ளணுக் கணக்கு, ஏறக்குறைய மாறாது, பாதுகாப்பு மாத்திரை ஒன்று போட்டால் சில நாட்கள்கூடத் தாங்கும். மாட்டுக்குப் போட்ட அன்டிபயோட்டிக் மிச்சமும் குளிரில் ஒரு நாளில் போய்விடாது. தண்ணீர் கலந்ததைக் காட்டுகிற உறைநிலையும் அப்படித்தான், பால் புளிக்காமல் இருந்தால் சரி. அப்படியானால் எது மாறுமோ அதை மாட்டுக்குப் பக்கத்தில் பார்ப்பதும், எது மாறாதோ அதைத் தூரத்துக்கு அனுப்புவதும்தான் பொருத்தம். மேசையா ஆய்வுகூடமா என்று நாங்கள் மூன்று கூட்டத்தில் சண்டை பிடித்தது, கேள்வியைத் தப்பாகப் போட்டதால்.

இரண்டாவது தடவை அப்படியே செய்தோம். வெள்ளணுக் கணக்குக்கு மட்டும், மாத்திரை போட்டு, 38 பேரிடமிருந்தும். அங்கே நுணுக்குக்காட்டியில் சாயமிட்டு எண்ணித் தந்தார்கள். இயந்திரத்தை விட மெதுவாக, ஆனால் பெயர் வாரியாக, கையெழுத்தோடு. நல்ல மடியில் ஒரு மில்லிலீற்றருக்கு 200,000க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்கிற அளவு, ஐரோப்பிய எல்லை 400,000. எங்களில் மூன்று பேருக்குப் பத்து இலட்சத்துக்கு மேல். அதில் ஒருவர் பாலில் கட்டியும் கிடையாது, மடியில் வீக்கமும் கிடையாது. மிருக வைத்தியர் வந்து நான்கு கிண்ணத் தட்டில் நான்கு காம்பிலும் கொஞ்சம் பீச்சி, சவர்க்காரம் மாதிரியான கரைசலை விட்டுச் சுழற்றியபோது, பின் இடது காம்பின் கிண்ணம் மட்டும் முட்டை வெள்ளை போலக் கெட்டியாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் காம்பில் பால் குறைந்துகொண்டு வந்ததை அவர் மாடு வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தாராம்.

இங்கே ஒரு மறுப்பு வரும், எங்கள் பொருளாளரும் சொன்னார்: மெதிலீன் நீலம் பழையது, முன்னேறிய நாடுகளில் கைவிட்டுவிட்டார்கள், நாம் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? உண்மைதான், கைவிட்டார்கள். ஏன் என்று பார்த்தால் நமக்குப் பயம் போய்விடும். அங்கே பண்ணையிலேயே குளிர்த்தொட்டி வந்துவிட்டது. பால் 4 பாகையில் இரண்டு மூன்று நாள் நிற்கும். அந்தக் குளிரிலும் வளர்கிற சூடோமோனாஸ் போன்ற பக்டீரியா சாயத்தை அவ்வளவாக வெளுக்காது, அதனால் சாயம் நல்ல பால் என்று சொல்லும், பாலோ கெட்டுக்கொண்டிருக்கும். நமக்கு நிலைமை வேறு. கறந்து இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்த்தொட்டியில் ஊற்றுவதற்கு முன்னால், இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிற கேனில் பார்க்கிறோம். அங்கே சாயம் இன்னும் வேலை செய்யும். தொட்டிக்குள் போன பிறகு சாயத்தை நம்பக் கூடாது, அதற்கு ஆய்வுகூடத் தட்டு எண்ணிக்கைதான். அதனால் தொட்டி மாதிரி மட்டும் மாதம் இரண்டு தடவை போகும். தொட்டிப் பால் ஏற்கெனவே 4 பாகையில் இருக்கிறது, போத்தலும் குளிராகவே கிளம்பும், பஸ்ஸில் ஐஸுக்கு அவ்வளவு வேலை இல்லை.

காசைக் குறைப்பது, கூட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 இலக்க ஒழுங்குவிதியில் ஒரு தடவை எண்ணிக்கை கூடினால் தலையை வெட்டுகிற வழக்கம் இல்லை. மாதம் குறைந்தது இரண்டு மாதிரி, இரண்டு மாதத்து எண்களின் பெருக்கல் சராசரி (கூட்டி வகுக்காமல், எண்களைப் பெருக்கி அதற்கு மூலம் எடுப்பது) 100,000க்குள் நிற்க வேண்டும். வெள்ளணுவுக்கு மாதம் ஒரு மாதிரியாவது, மூன்று மாதத்துச் சராசரி. பெருக்கல் சராசரியின் அருமை கணக்குப் போட்டால்தான் தெரியும். ஒருவருக்கு 40,000, 40,000, 40,000, அப்புறம் ஒரு மழை நாளில் 1,000,000 என்று வைத்தால், சாதாரணக் கூட்டிவகுத்தலில் 280,000 வந்து அவர் தோற்றுவிடுவார். பெருக்கல் சராசரியில் ஏறக்குறைய 89,000, தேறிவிடுவார். ஒரு நாள் பிழையையும் தினசரிப் பிழையையும் அது பிரித்துப் பார்க்கிறது. ஆடியில் சேறு முழங்கால் வரை நிற்கிற கொட்டகைகளில் இந்த இரக்கம் கட்டாயம் வேண்டும். எங்கள் சங்கத்தில் முதல் ஆறு மாதம் எந்த எண்ணுக்கும் காசு குறைப்பதில்லை என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். எண்ணைப் பார்த்து ஆட்கள் பயந்தால் மாதிரி எடுக்கும் அன்றைக்கு மட்டும் கேனைத் தேய்ப்பார்கள்.

அன்டிபயோட்டிக் விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மடிக்குள் மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, உறையில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடியும்வரை ஊற்றவே கூடாது. ஒரு மாட்டுப் பால் போதும், தொட்டி முழுக்கத் தயிர் உறையாமல் போக. டெல்வோ என்ற சோதனையில் சூட்டில் வளர்கிற ஒரு வகை பக்டீரியாவை 64 பாகையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வைப்பார்கள். பால் சுத்தமானால் ஊதா மஞ்சளாகும், மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். இதைச் சங்கத்தில் வைக்க முடியும், ஆனால் 64 பாகையை அசையாமல் பிடிக்கிற சின்ன அடுப்பு வேண்டும், மின்சாரம் போகிற மழைக்காலத்தில் எங்கள் மேசையில் அது நடக்காது. இதுவும் ஆய்வுகூடத்துக்கு.

எந்த வழியை எடுத்தாலும், மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய புரூசெல்லாவும் காசநோயும் இந்த எண்களில் தெரியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். அவற்றை மாட்டில்தான் தனியாகச் சோதிக்க வேண்டும். சுத்தமான எண் வந்துவிட்டது என்று யாரும் பச்சைப் பாலைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், பொங்கக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

ஆக நான் கூட்டத்தில் கேட்கப்போவது இது. மேசையில் ஒரு நாளைக்குப் பத்துக் கேன், நான்கு நாளில் ஒரு சுற்று, மெதிலீன் நீலம். முடிவு அந்த வீட்டாருக்கு மட்டும் சொல்லப்படும், காசோடு சம்பந்தமில்லை. மாதம் ஒரு தடவை எல்லோருடைய பாலிலும் வெள்ளணுவும், தொட்டியில் இரண்டு தடவை தட்டு எண்ணிக்கையும், மருந்து மிச்சமும் மத்திய ஆய்வுகூடத்தில். காசைத் தொடுகிற எந்த முடிவும் அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான். பவுசர் வரும்போது இரட்டை மாதிரி: ஒன்று அவர்களுக்கு, ஒன்று சீல் வைத்து எங்கள் ஐஸ் பெட்டியில். பால் திரும்பினால் எங்கள் போத்தலும் அதே நாளில் ஆய்வுகூடத்துக்குப் போகும். 38 மாதிரிக்குத் தட்டு எண்ணிக்கை போட்டிருந்தால் தாங்க முடியாத செலவு, இரண்டு தொட்டி மாதிரிக்குத் தாங்கும். வெள்ளணுச் செலவை முதல் வருடம் சங்க நிதியிலிருந்து எடுத்துவிடலாம், ஒரு மாட்டின் மடிநோயை ஒரு மாதம் முன்னால் பிடித்தாலே அந்தக் காசு திரும்பிவிடும் என்பது என் கணக்கு.

மாலைப் பால் ஒன்றுதான் இன்னும் தீராமல் இருக்கிறது. நாங்கள் காலையில் மட்டும்தான் எடுக்கிறோம். சாயந்தரம் கறந்ததை இரவு முழுக்க வைத்திருந்து காலைப் பாலோடு கலந்து கொண்டுவருகிறவர்கள் ஏழெட்டுப் பேர், சாயக் குழாயில் அவர்கள்தான் வரிசையாக முந்தி வெளுக்கிறார்கள். மலைக்குளிரில் பால் கெடாது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. காற்று குளிராக இருந்தாலும் மூடிய கேனுக்குள் பால் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கிறது, கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். பீலித் தண்ணீரில் கேனைக் கழுத்துவரை நிறுத்தி, இடையிடையே கலக்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நன்றாக இறங்குகிறது. நான் பார்த்த அன்று பீலித் தண்ணீர் 17 பாகை. அது குளிர்த்தொட்டி ஆகாது, இரவைத் தாண்டப் போதாது. மாலையிலும் ஒரு தடவை தொட்டியைத் திறக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் போட வேண்டும். அதையும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.

இதைப் பார்த்து நீங்களும் மாதிரி அனுப்பத் தொடங்கினால், திங்கள் இல்லாவிட்டால் செவ்வாயில் அனுப்புங்கள். தட்டு எண்ணிக்கைக்கு 72 மணி நேரம் வேண்டும், வியாழன் இட்ட தட்டை ஞாயிறு யார் வந்து எண்ணுவது? போயா விடுமுறை வருகிற கிழமையில் கலண்டரைப் பார்த்துவிட்டு, முதல் நாளே போன் பண்ணிக் கேளுங்கள். போத்தலின் வாய் ஐஸ் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும், பெயரை லேபலில் எழுதாமல் அழியாத மையால் போத்தலிலேயே எழுதுங்கள், வெப்பநிலை பார்க்க ஒரு போத்தல் கூடுதலாக வையுங்கள்.